இடது காது

கபடியில் விழுந்து மண்டையில் அடிபட்டதிலிருந்து நான்கு மாதமாகத் தவசி வீட்டுக்குள்ளும் ஹெல்மெட்டோடுதான் இருந்தான். குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியாயிற்று. இன்னொரு அடி விழுந்தால் அவ்வளவுதான் என்று அடிபட்ட முதல் நாள் அவரே சொன்னதுதான் இவனுக்குள் நின்றது. அன்று அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இவன் ஒருவன்தான். மூன்று நாளாகத் தலையணையை மடியில் வைத்துப் பிடித்துப் பழகியிருந்தான்.

"போட்டோவுக்காவது கழட்டுடா தம்பி. பிள்ள அய்யனாரப் பாத்த மாதிரி முழிக்குது" என்றாள் அக்கா மாரீஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள். கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

ஆசாரி வலது காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டுத் தலையைப் பின்னால் வீசியது. அதைப் பிடித்திருந்த தவசியின் இரண்டு கைகளும் அவன் தலையைப் பொத்தப் போய்விட்டன. மடியிலிருந்து சரிந்த பிள்ளையை, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது அக்கா தாங்கிப் பிடித்தாள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னொரு காது இருக்கும்மா" என்றார் ஆசாரி.

அக்கா பிள்ளையைத் தன் கொழுந்தன் மடியில் உட்காரவைத்தாள். பிறகு ஹெல்மெட்டை எடுத்துத் தம்பி தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை அவளே பூட்டினாள்.

"இறுக்குதாடா?"

இல்லை என்று தலையாட்டக்கூடப் பயமாக இருந்தது. அவன் வேட்டியில் குழந்தை போயிருந்த மூத்திரம் இன்னும் சூடாக இருந்தது.