திருத்தப் பிரதி

மதியம் மூன்று மணிக்கு மேலவை உறுப்பினர் சேந்தன் அவையில் பேசி முடித்தபோது, வீட்டில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உறுப்பினர்கள் யாரும் இப்போது நேரில் பேசுவதில்லை. அவர்களுடைய பழைய உரைகளைப் படித்துத் தேர்ந்த இயந்திரக் குரல்களே அவர்கள் பெயரில் பேசுகின்றன.

உரையின் பிரதி திருத்தத்துக்கு வந்தது. கூடவே அவைச் செயலகத்திலிருந்து காவேரி அழைத்தாள்.

“அருமையா பேசினீங்கய்யா. கட்டாய எல்லைச் சேவைய இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கணும்னு நீங்க சொன்னதும் எதிர்க்கட்சியே மேசையத் தட்டுச்சு.”

“நான் அத எதிர்த்துப் பேசணும்மா.”

“நன்மாறன் தம்பி விஷயத்துக்கு அப்புறம் உங்களுக்கு அப்படித் தோணும்யா. ஆனா இருபது வருஷப் பேச்சும் ஆதரவாத்தானே இருக்கு. கருத்த மாத்த முடியாது. பேரு, எண்ணிக்கை தப்பா இருந்தா மட்டும் திருத்துங்க.”

அவர் பிரதியைப் படித்தார். ‘இச்சேவையில் இதுவரை நாற்பத்தோரு இளைஞர்கள் மட்டுமே உயிரிழந்திருக்கிறார்கள்’ என்று ஓரிடத்தில் இருந்தது. அது போன மாத எண்ணிக்கை. அவருடைய மகன் நன்மாறன் எல்லையில் இறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

எண்ணை நாற்பத்திரண்டு என்று மாற்றினார். திரை ஆதாரம் கேட்டது. அவர் மனைவி தமயந்தி ராணுவத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்துவந்து திரைக்குக் காட்டினாள். திருத்தம் ஏற்கப்பட்டது.

“அந்த ‘மட்டுமே’யையும் எடுத்துடுங்க,” என்றாள்.

அவர் இரண்டு முறை முயன்றார். அந்தச் சொல் அழியவில்லை.

“அது கருத்தாம்,” என்றார்.