நட்சத்திரத்துக்கேற்ற பிலிம்

"கேமராவுக்கு எந்த பிலிம்னு மாசக்கணக்கா யோசிக்கிறீங்களே, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அஞ்சு நிமிஷம் யோசிச்சீங்களா?" என்றாள் ஷாலின்.

"நட்சத்திரத்தைச் சுத்திச் செவப்பா புகை இருக்கும்டி. அது பதியுற பிலிம்தான் போட்டோ போட்டியில ஜெயிக்கும்," என்றான் கணவன் ஜெபர்சன்.

தங்கள் ஊர் ஒரகடத்தில் எடுத்தால் கம்பெனி வெளிச்சம்தான் படத்தில் விழும் என்று, ஜவ்வாது மலைக்குப் போய் எடுத்து வந்தான்.

படப்பை ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்த படம் வந்தது. முழுக்கக் கறுப்பு.

"மலையேறிப் போய்க் கரியையா எடுத்தீங்க?"

ஜெபர்சன் போன் ஸ்பீக்கரில் ஸ்டுடியோக்காரரைப் பிடித்தான். "இன்னாப்பா, பிலிம் மோசமா?"

"பிலிம் சூப்பர்ண்ணே! ஒரே வெள்ளைத் தூசியும் செவப்புக் கறையுமா இருந்துச்சு. போட்டிக்குப் போற படம், சுத்தமா பளிச்சுனு இருக்கணும்னு அண்ணி தெனமும் போன் பண்ணாங்களே! கம்ப்யூட்டர்ல ஒண்ணு விடாம அழிச்சிட்டேன்."

ஷாலினுக்கு அடுப்படியில் அவசர வேலை வந்துவிட்டது.