நாலு மணி பக்தி

தினமும் நாலு மணிக்கு, வண்ணக் கண்ணாடிச் சன்னல் வழியே சிவப்பு வெயில் விழும் நேரத்தில், மணியம்மாள் கோவிலுக்கு வந்து வானதூதரான மிக்கேல் சம்மனசின் சுரூபச் சிலையில் அந்த வெயில் படும் காலடி முன் முழந்தாளிடுவாள். கணவனை இழந்த பிறகு அவளுக்கு வந்த பக்தியைப் பார்த்துப் பங்குச்சாமியார் பூரித்துப்போனார்.

"புதுச் சுரூபம் வருதும்மா. இதை உடைச்சிடப் போறோம்."

"ஐயோ, எனக்குக் குடுத்துடுங்க சாமி!"

"இம்மாம் பெரிசு உன் வூட்டுக்குள்ள நுழையுமா?"

"சம்மனசை நீங்களே வச்சிக்குங்க. அவரு காலுக்கடியில மிதிபட்டுக் கெடக்குதே பசாசு, அது போதும்."

சாமியார் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"செலை செஞ்சவரு பசாசுக்கு மூஞ்சி தேடினப்ப ஊர்ல ஒருத்தனும் ஒத்துக்கல. ஒரு பாட்டில் பிராந்திக்கு எங்க வூட்டுக்காருதான் படுத்துக் காட்டினாரு. அவரு போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல சாமி."