சம்பளக்காரனின் சம்மதம்

இந்தக் காலத்தில் முதலாளியும் சரியில்லை, வேலையாளும் சரியில்லை என்று முணுமுணுத்தபடி சிவநேசன் சுவிஸின் சோலோதுர்ன் நகர ஓய்வூதியக் கந்தோருக்குள் நுழைந்தார். அவருடைய மிளகாய்த்தூள் கம்பனியில் ஒரேயொரு சம்பளக்காரன். அந்தச் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கென்று பிடித்த காசை, எண்பத்தாறாம் ஆண்டிலிருந்து கம்பனி அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. சம்பளத்திலும் பல மாதம் பாக்கி.

அதிகாரி ஜெர்மனில் சொன்னதை, மொழிபெயர்க்க வந்த தயாபரன் தமிழில் சொன்னான்.

"அண்ணை, தவணையில கட்டலாமாம். ஆனா சம்பளப் பாக்கிக்குப் பொறுத்திருக்கிறன் எண்டு வேலையாளும் கையெழுத்து வைக்கோணும். இல்லாட்டிக் கம்பனி வங்குரோத்து. கடையைப் பூட்டவேண்டியதுதான்."

"அவன் வைக்கமாட்டான்."

"கேட்டுப் பாத்தனீங்களோ?"

"கேக்க என்ன கிடக்கு? முதலாளி ஒரு சதமும் தரமாட்டான் எண்டு அவனுக்கு வடிவாத் தெரியும்."

அந்த ஆளை உடனே கூட்டிவரும்படி அதிகாரி சொன்னார்.

சிவநேசன் எழும்பி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"எங்கையண்ணை ஆள்?"

"நான்தான். கம்பனி பதியேக்க இவைதானே சொன்னவை, முதலாளியெண்டாலும் கம்பனிக்கு நீ சம்பளக்காரன் எண்டு."

அதிகாரி சிரிக்கவில்லை. சட்டப்படி அது சரிதான் என்று சொல்லி, சம்மதத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"வையுங்கோ அண்ணை, கடை தப்பும்."

சிவநேசன் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"அந்த முதலாளியை நம்பியோ? அவனை எனக்குச் சின்னனில இருந்து தெரியும், தம்பி."

கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.