சிவப்பு வாளி

பழுப்புக் கரடிகளைக் கூண்டில் அடைத்துவிட்டு, அவை தேடித் தின்னட்டும் என்று வேலியிட்ட திறந்தவெளியில் பலாச்சுளைகளைச் சருகுக்குள் ஒளித்து வைப்பாள் பவளக்கொடி. சரணாலயத்தின் வழக்கம் அது. சர்க்கஸிலிருந்து மீட்டு வந்த பூபதி மட்டும் பட்டினி கிடந்தாலும் தேடாது. வாசலில் உட்கார்ந்து கை நீட்டும்.

நேற்று அவள் திறந்தவெளியிலேயே மறந்துவிட்டுப் போன சிவப்பு வாளியை இன்று காணவில்லை.

"என்னக்கா தேடுறீங்க?" வேலிக்கு வெளியே நின்ற உதவியாள் லூர்து கேட்டான்.

"வாளியடா."

மரத்தடியில் ஒரு சருகுக் குவியல். அவள் மூடுவதுபோலவே மூடியிருந்தது. வாளியின் கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூண்டுக் கம்பிக்குப் பின்னால் பூபதி, கண் கொட்டாமல் அவளையே பார்த்து நின்றது.

"அந்தா கிடக்குல்லக்கா!"

"சும்மா இருடா" என்று அதட்டிவிட்டு, எதிர்ப்பக்கமாகத் தேடப் போனாள் பவளக்கொடி.