தோள் உயரத்தில்

காலி அறையின் நடுவில் நின்று அவள் கட்டிலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் போட்டால் அவருக்குத் தெரு தெரியும்.

கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். இப்போது இருப்பது மூன்றாம் மாடியில், வாடகைக்கு. ஆஸ்பத்திரி என்றால் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். தூக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

தரைத்தளத்தில் ஒரு வீடு. அவ்வளவுதான் அவள் கேட்டது.

இந்த வீட்டை நேற்று முதலில் காட்டியவர் தனசேகர் என்ற புரோக்கர். காற்றைப் பற்றிப் பேசினார், வாஸ்துவைப் பற்றிப் பேசினார். நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்த அவசரம் என்னவோ போலிருந்தது. இன்று அவள் இன்னொரு புரோக்கர் சுகிர்தாவோடு அதே வீட்டுக்கு வந்திருந்தாள்.

சுகிர்தா எதையும் புகழவில்லை. சுவரோரமாகவே நடந்தாள்.

ஹால். சமையலறை. பிறகு இந்த அறை.

ஒரு பிளக் பாயிண்டில் கை வைத்து நின்றாள். அது தோள் உயரத்தில் இருந்தது.

எல்லா அறையிலும் தோள் உயரத்தில்தான்.

ஏன் இப்படி என்று அவள் நேற்றே கேட்டிருந்தாள். குழந்தைகள் கை வைக்காமல் இருக்க என்று சிரித்தார் தனசேகர்.

"போன மழைக்கு இந்தத் தெருவுல இடுப்பளவு தண்ணி அக்கா," என்றாள் சுகிர்தா. "அதுக்கப்புறம்தான் பிளக்கெல்லாம் மேல ஏத்தியிருக்காங்க."

அவள் ஜன்னலோரத்தைப் பார்த்தாள்.

கட்டில் முழங்கால் உயரம்.

அவரால் தானாக எழுந்து உட்காரக்கூட முடியாது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு. இன்றைக்கே அட்வான்ஸைக் கொடுத்திருப்பாள். சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

சுகிர்தா பக்கத்தில் குந்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"எங்கிட்ட இப்ப கிரவுண்ட் ஃப்ளோர் எதுவும் இல்லக்கா. ரெண்டு மாசம்கூட ஆகும். அவசரம்னா வேற யாரையாச்சும்..."

"ஆகட்டும்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நேரா வீட்டுக்குப் போலாம் வாங்க. வீடு தேடறதுக்கு முன்னாடி அவரை நீங்க ஒரு தடவை பாத்துடணும்."

வண்டியைக் கிளப்பும் முன் சுகிர்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சுவிட்ச் எந்தப் பக்கம் எட்ட வேண்டும், அவருக்கு எந்தக் கை வேலை செய்யும் என்று.

"இடது கை" என்றாள் அவள், பின்னால் ஏறி உட்கார்ந்தபடி.