சம்பல் புட்டியில் ஒரு முகம்

“எங்கம்மா படத்தை லேபிள்ல இருந்து எடுங்க, பாக் சுகெங்.”

கேட்கவே கூடாது என்று அம்மா சாகும்வரை தடுத்திருந்தாள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாளே வெனிங் கேட்டுவிட்டாள்.

மிளகாய்ச் சம்பல் ஆலை முதலாளி சுகெங் சிரித்தார். “அது கூலிக்காரி மூஞ்சி இல்ல, பொண்ணே. என் டிரேட்மார்க். வக்கீலுக்குப் படிச்சு என் ஃபைலெல்லாம் பார்க்கிற உனக்கே தெரியாதா?”

“உங்க மிளகாய் நெடியில மூச்சு முட்டிச் செத்தவ, இன்னும் சிரிச்சுக்கிட்டே விக்கணுமா?”

“பதிவு பண்ணினா பத்து வருஷம். சிரிச்சுத்தான் ஆகணும்.”

“அது முடிஞ்சு போச்சு. புதுப்பிக்கிற தாளை மூணு தடவை நீட்டினேன். ‘பொம்பளைக்கு எல்லாமே அவசரம்’னு தள்ளிவிட்டீங்க. ஆறு மாச அவகாசமும் நேத்தோட சரி.”

அவர் முகம் வெளுத்தது. “இப்பவே புதுசா அப்ளை பண்ணு!”

“காலையிலயே பண்ணிட்டேன். என் பேர்ல. விக்கிறதுக்கு இல்ல, இனி யாரும் அவளை விக்கக்கூடாதுன்னு.”

ஃபைல் அலமாரிச் சாவியை அவர் மேசையில் போட்டுவிட்டு வெனிங் வெளியேறினாள்.